அம்மா கோளாம்பியில் விளித்த சாயங்காலம்

வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடாகும்போது ஒரு வாசனை வரும். போன விசேஷத்தில் படிந்த தூசி மெல்லக் கருகும் வாசனை அது; தெருவின் இரண்டு பக்கத்துக் கிடங்குகளிலிருந்தும் வருகிற சுக்கு, மிளகு நெடியும் அதோடு சேர்ந்துகொள்ளும். மட்டாஞ்சேரியில் அப்பா நடத்திய மைக் செட் கடையில் அந்த வாசனை எழுந்தால் அடுத்து என்னவென்று எனக்கு மனப்பாடம். உர்ரென்று ஓர் உறுமல் கேட்கும், அப்பா மைக்கை விரலால் தட்டிப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், அதன் பிறகு அப்பாவின் வாயிலிருந்து வேறு யாருடைய குரலோ வரும்.

அந்த வேறு யாரோ மிகவும் படித்தவர். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கி ஒரு சொல் பிசகாமல் தமிழ் பேசுவார். அதற்கு முன்பே அதே செய்தியை "பிரியப்பெட்ட நாட்டுகாரே" என்று மலையாளத்தில் வானொலிக்காரர் தோற்றுப்போகும்படி வாசித்து முடித்திருப்பார். ஒன்றின் வாடை மற்றொன்றில் வீசாது. தெருக் கம்பங்களில் கட்டிய பெரிய வாய் ஒலிபெருக்கிகள் அந்தக் குரலை கடைவீதி தாண்டி படகுத்துறை வரைக்கும் கொண்டுபோகும். அந்த ஒலிபெருக்கிக்கு எங்கள் ஊரில் "கோளாம்பி" என்று பெயர். எச்சில் துப்புகிற படிக்கத்தைப் போல வாய் விரிந்திருப்பதால் அந்தப் பெயர். கம்பத்தில் ஏறி அதைக் கட்டுவது தேவராவிலிருந்து வரும் ஜோசப் சேட்டனின் வேலை.

வீட்டுக்குள் வந்தால் அந்தப் படித்த மனிதரைக் காணவே முடியாது. "எடியே, சாயா எவட? கொறச்சு சூடாக்கித் தா, தொண்ட அடஞ்சு போச்சு" என்பதுதான் எங்கள் அப்பா. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் பேசினோம். தூங்கப் போகிறவளை அம்மா "ஒறங்கு" என்பாள், சும்மா நிற்பவளை "வெறுதே நிக்காதே" என்பாள், பயந்தவளை "பேடிக்கண்டா" என்பாள். எது எந்த மொழி என்று எங்களுக்குத் தெரியாது. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்த பிறகு எது சோறு எது குழம்பு என்று யாராவது பிரித்துப் பார்ப்பார்களா? எங்களுக்கு அது பேச்சு, அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு அப்படி இல்லை என்பதைப் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்துகொண்டேன். என் மலையாளத்தைக் கேட்டுவிட்டு வகுப்பில் "பாண்டி" என்று சிரித்தார்கள். சரி, நாம் தமிழ்க்காரர்கள் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு விடுமுறைக்குத் தென்காசிப் பக்கம் அப்பாவின் உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனால், அங்கே பிள்ளைகள் என்னை "மலையாளத்தா" என்று கூப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் என்று சொல்வார்களே, நான் அதுதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஆனால் என்னைவிட அதிகம் பட்டவள் அம்மா. அம்மா பிறந்தது திருப்பூணித்துறையில், பல தலைமுறைகளாக அங்கேயே இருந்துவிட்ட ஒரு தமிழ் வீட்டில். அவள் பேச்சில் மலையாளம் எங்களைவிட ஒரு கரண்டி கூடுதல். கல்யாணமான புதிதில் தென்காசியில் ஒரு விருந்து. பந்தியில் சோறு போட வந்தவரிடம் அம்மா, "கொறச்சு போதும், வெறுதே களையண்டா" என்றிருக்கிறாள். கொஞ்சம் போதும், வீணாகக் கொட்ட வேண்டாம் என்று அர்த்தம். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஏ பிள்ள, நீ பேசுதியா பாடுதியா?" என்று கேட்டாளாம். இலை வரிசை முழுவதும் சிரித்ததாம். அத்தை கெட்டவள் இல்லை, வாய்த் துடுக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பு அம்மாவின் தொண்டையில் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வெளி ஆட்கள் முன்னால் அம்மா வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. தலையை ஆட்டுவாள், சிரிப்பாள், சமையலறைக்குப் போய்விடுவாள். அத்தை வந்திருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும்.

அப்பாவுக்கும் அந்த முள் குத்தியிருக்க வேண்டும். அவர் வேறு வழியாக அதை எடுக்கப் பார்த்தார். "வீட்டுக்குள்ள கைலி போதும். மைக்கு முன்னால முண்டும் சட்டையும் வேணம்" என்று அடிக்கடி சொல்வார். பேச்சுக்காக மட்டும் சொன்னதில்லை, உண்மையிலேயே கைலியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டுதான் மைக்கைத் தொடுவார். நாம் இரண்டும் கெட்டவர்கள் என்று இரண்டு பக்கமும் நினைக்கிறது, இரண்டும் தெரிந்தவர்கள் என்று கோளாம்பி சொல்லட்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் குரலைக் கேட்டு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

எங்கள் தெருக்காரர்களுக்கென்று ஒரு சின்ன அம்மன் கோயில் உண்டு. அதன் திருவிழாவை ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கப்படி "கொடை" என்றுதான் சொல்வோம். கொடைக்குத் தெருவே மாறிவிடும். தமிழ்க்காரர்களின் கோயில் என்று பெயர், கூட்டத்தில் எல்லோரும் இருப்பார்கள். குஜராத்தி வியாபாரிகள் வீட்டுப் பெண்கள், கொங்கணிக் குடும்பங்கள், பின் தெருவிலிருந்து ஆயிஷாத்தா, அவள் பிள்ளைப் பட்டாளம், சரக்கு இறக்கும் சுமட்டுக்காரர்கள், அக்கரையிலிருந்து படகில் வருகிறவர்கள் என்று தெரு பிதுங்கும். நான் சொல்லப்போகிற கொடைக்குத் தென்காசியிலிருந்து அத்தையும் வந்திருந்தாள். அம்மா மூன்று வேளையும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

என் தங்கை அப்போது பள்ளிக்கூடம் சேராத வயது. அடுத்த ஜூனில் சேர்ப்பதாக இருந்தது. அவளுக்கு சிவகாமசுந்தரி என்று ஒரு பெயர் உண்டென்பது அப்பாவுக்கும் அர்ச்சனை செய்கிற பூசாரிக்கும் தெரியும். மற்றபடி வீட்டுக்கும் தெருவுக்கும் அவள் "குஞ்ஞு". சாயங்காலம் பொங்கல் பானைகளைச் சுற்றி எல்லாப் பெண்களும் நின்றுகொண்டிருந்தபோது யாரோ, "குஞ்ஞு எங்கே?" என்று கேட்டார்கள். அவள் அத்தையோடு நிற்கிறாள் என்று அம்மா நினைத்திருந்தாள். அத்தை என்னோடு என்று நினைத்திருந்தாள். நான் அப்பாவின் மைக் பந்தலில் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். அங்கே அவள் இல்லை.

முதலில் யாரும் பயப்படவில்லை. கோயிலுக்குப் பின்னால் பார்த்தோம், வளையல் கடையில் பார்த்தோம், ஆயிஷாத்தா வீட்டில் பார்த்தோம். திரும்பி வந்த ஒருவர் "படகுத்துறைப் பக்கம் ஆள் போயிருக்கு" என்று மெதுவாகச் சொன்னபோதுதான் அம்மாவின் முகம் மாறியது. எங்கள் ஊரில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் தண்ணீரில்தான் போய் முட்டும். படித்துறையில் கைப்பிடி கிடையாது.

அப்பா மைக்கை எடுத்தார். குரல் நடுங்கவில்லை. பழக்கம் அப்படி. முதலில் மலையாளத்தில், "அஞ்சு வயஸ்ஸு பிராயமுள்ள சிவகாமசுந்தரி என்ன பாலிகயெ காணாதாயிரிக்குன்னு" என்றார். பிறகு தமிழில், "ஐந்து வயது மதிக்கத்தக்க சிவகாமசுந்தரி என்னும் சிறுமியைக் காணவில்லை. பச்சை நிறப் பாவாடையும் மஞ்சள் நிறச் சட்டையும் அணிந்திருப்பார். கண்டவர்கள் ஒலிபெருக்கி நிலையத்தில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்றார். சொந்த மகளைப் போய் ஐந்து வயது மதிக்கத்தக்கவர் என்கிறாரே என்று இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்தச் சுத்தமான வார்த்தைகளைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை முட்டியது. யாரோ ஒருத்தியின் பிள்ளை, எங்கேயோ காணாமல் போன பிள்ளை, திரும்பக் கிடைக்காத பிள்ளை என்பதுபோல இருந்தது.

அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் வரவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. ஜோசப் சேட்டன் சட்டையைக் கழற்றிவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினார். அதைப் பார்த்த அம்மா பந்தலுக்குள் நுழைந்தாள். பொங்கல் கரி அப்பிய கையோடு அப்பாவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அத்தை அங்கேதான் நின்றாள். தெருவே நின்றது.

அம்மா அதற்கு முன் மைக்கைத் தொட்டதில்லை. உதட்டில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டதில் முதலில் கோளாம்பிகளெல்லாம் வீலென்று அலறின. பிறகு ஊர் முழுவதும் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு அடுப்படி அப்படியே கம்பங்களின் மேல் ஏறிப் பேசத் தொடங்கியது.

"எடி குஞ்ஞீ, அம்மாவாக்கும் விளிக்கறது. எவட இருக்கே மோளே? பேடிக்கண்டா. அம்மா வழக்கு பறய மாட்டேன். சத்தியமா வழக்கு பறய மாட்டேன். வெள்ளத்துக்கிட்ட போவாதே. கோளாம்பி சத்தம் கேக்குதில்லே, அந்தச் சத்தத்தெ நோக்கி வேகம் வா. அம்மா இவடத்தான் நிக்கறேன். பழம்பொரி வாங்கித் தரேன், வா குஞ்ஞீ."

திட்ட மாட்டேன், பயப்படாதே, தண்ணீர் பக்கம் போகாதே, சீக்கிரம் வா, பழ பஜ்ஜி வாங்கித் தருகிறேன் என்பதுதான் அது. தென்காசியில் பந்தி முழுவதும் சிரித்த அதே பேச்சு. இப்போது பந்தி இல்லை, மட்டாஞ்சேரியே கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா நிறுத்தவில்லை. "வா மோளே, வா மோளே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது.

கடைவீதிப் பக்கத்திலிருந்து கூட்டத்துக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. "குஞ்ஞு வருன்னு! குஞ்ஞு வருன்னு!" என்று ஒருவர் சொல்ல அடுத்தவர் சொல்ல, கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அந்த வழியில் என் தங்கை ஓடி வந்தாள். கையில் பாதிப் பழம். பின்னாலேயே ஓர் ஆடு.

எங்கள் கடைவீதியில் அரிசிக் கிடங்குகளுக்கு முன்னால் எப்போதும் ஆடுகள் திரியும். அதில் ஒன்றின் பின்னால் போனவள், பூட்டிய மிளகுக் கிடங்கு ஒன்றின் படியில் அதோடு உட்கார்ந்துவிட்டாள். அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்த சுமட்டுக்காரர் ஒருவர் அவளுக்குப் பழம் உரித்துக் கொடுத்திருக்கிறார். தலைக்கு நேர் மேலே கோளாம்பி. அப்பாவின் அறிவிப்பு ஒவ்வொன்றையும் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். அவர் "கஷ்டம், பாவம் யாரோட குட்டியோ" என்று உச்சுக் கொட்டியும் இருக்கிறார்! கொடைக் கூட்டத்தில் பச்சைப் பாவாடைப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை; எங்கள் குஞ்ஞுவை அவருக்கு நன்றாகத் தெரியும். சிவகாமசுந்தரியைத்தான் தெரியாது.

அம்மாவின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு குஞ்ஞு முதலில் சொன்னது இதுதான்: "அம்மா, ஆரோ ஒரு சிறுமியெ காணலையாம். நானும் நோக்கினேன், அவட இல்ல. பாவம், கிட்டிச்சா?"

மைக் அணைக்கப்படவில்லை. அதையும் ஊர் கேட்டது. படகுத்துறை வரைக்கும் சிரிப்புச் சத்தம் போனது. அப்பா ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்து, வெள்ளை வேட்டியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலையில் அத்தை அடுப்படிக்கு வந்து மணையைப் போட்டு உட்கார்ந்தாள். வழக்கமாகக் காப்பி கேட்கிறவள், "ஏ பிள்ள, ஒரு சாயா தாயேன்" என்றாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். "மதுரம் கொறச்சு போதுமா?" என்று கேட்டாள். அத்தைக்கு அது இனிப்பைப் பற்றிய கேள்வி என்று புரிந்ததோ இல்லையோ, "நீ போட்டா எப்படின்னாலும் குடிப்பேன்" என்றாள். இரண்டு பேரும் அன்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அடுப்படியில் பாத்திரச் சத்தத்துக்கு மேல் அம்மாவின் குரல் கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தெரு சும்மா விடுமா? பல மாதங்கள் அம்மா காய்கறி வாங்கப் போனால், கம்பத்தின் மேலிருந்து ஜோசப் சேட்டன் "வழக்கு பறய மாட்டேன், வேகம் வா" என்று கூவுவார். முதலில் அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு ஓடினாள். பிறகு நின்று, "ஆதியம் நீ தாழ எறங்கு, பின்னெ பறயறேன்" என்று, முதலில் கீழே இறங்கச் சொல்லிப் பதில் கொடுக்கத் தொடங்கினாள்.

அப்பா மைக் மொழியை விட்டுவிடவில்லை. அடுத்த கொடைக்கும் வெள்ளை வேட்டிதான், அதே பெரியோர்களே தாய்மார்களேதான். ஒரே ஒரு மாற்றம் வந்தது. பிள்ளையைக் காணவில்லை என்று யாராவது பதறிக்கொண்டு வந்தால், பெயரும் வயதும் கேட்பதற்கு முன்னால், "வீட்டுல என்ன விளிப்பீங்க?" என்று கேட்பார். பிறகு ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து மைக்கை அம்மாக்காரியின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். எங்கள் கோயிலில் மட்டுமில்லை, அவர் மைக் கட்டிய பெருநாளிலும் மற்ற உற்சவங்களிலும் அதே வழக்கம். முக்காட்டை மோவாய் வரை இழுத்துவிட்ட குஜராத்தி மருமகள் ஒருத்தி தன் மகனைக் கூப்பிட்டு அழுதது எனக்கு நினைவிருக்கிறது. கொங்கணி அம்மா ஒருவர் மகளிடம் அல்வா தருவதாகச் சொல்லிக் கெஞ்சினார் என்று நினைக்கிறேன், அல்வா என்ற சொல் மட்டும்தான் எனக்குப் புரிந்தது. ஆயிஷாத்தா கெஞ்சவெல்லாம் இல்லை. வீட்டுக்கு வந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று மைக்கில் முழங்கினாள், அவள் மகனும் அதைக் கேட்டுத்தான் வந்து சேர்ந்தான். மட்டாஞ்சேரியில் எத்தனை விதமான அடுப்படிகள் இருந்தன என்பது எனக்கு அந்தக் கோளாம்பிகள் வழியாகத்தான் தெரியும். "அன்னிக்கு நம்மளெ காப்பாத்தினது கைலியாக்கும்" என்று அப்பா வயதான பிறகு ஒருமுறை சொன்னார்.

அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன, அம்மா போன வருடம்தான் போனாள். கடை இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்களுக்கான காப்பிக் கடை. அதன் கூரையிலிருந்து ஒரு கோளாம்பி தொங்குகிறது, உள்ளே பல்பு எரிகிறது. கொடை நடக்கிறது. அறிவிப்புகளை முன்கூட்டியே பதிவு செய்து வைத்துவிடுகிறார்கள், தேன் போன்ற ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் பேசுகிறது. பிள்ளைகள் காணாமல் போவதில்லை, கைபேசி இருக்கிறது. என் மகன் மலையாளம் நன்றாகப் பேசுவான், எழுதுவான். தமிழ் கேட்டால் புரியும். அம்மாவின் பேச்சு அவனுக்குப் பாட்டி பேசியது, அவ்வளவுதான்.

போன மாதம் குஞ்ஞு புனேயிலிருந்து ரயிலில் வந்தாள். அங்கே அவள் ஓர் அலுவலகத்தின் மேலாளர், எல்லோருக்கும் சிவகாமி மேடம். அவளை அழைத்துவர, இப்போது நான் குடியிருக்கும் திருப்பூணித்துறையில் மெட்ரோ ஏறி, மறுகோடியான ஆலுவாவில் இறங்கி ரயில் நிலையத்துக்கு நடந்தேன். ரயில் தாமதம். வந்தபோது மேடை தெரியாத கூட்டம். வங்காளத்துப் பையன்கள், தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள், மூட்டைகள், சூட்கேஸ்கள். ஒலிபெருக்கியில் பதிவுக் குரல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. தூரத்தில் அவள் தெரிந்தாள், எனக்கு முதுகைக் காட்டி மேடையின் எதிர்க்கோடிக்கு நடந்துகொண்டிருந்தாள். கைபேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. "சிவகாமி!" என்று கத்தினேன். பதிவுக் குரலில் அது கரைந்துபோனது.

எனக்கு ஐம்பத்தைந்தை நெருங்கும் வயது. இருந்தாலும் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து விளித்தேன்.

"எடி குஞ்ஞீ! எவட போறே? வேகம் வா!"

பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் நடையை நிறுத்தித் திரும்பியது ஒருத்திதான். சட்டென்று திரும்பியவள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு நொடி, வேறு யாரையோ தேடினாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு என்னைக் கண்டுகொண்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க என் முன்னால் நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"வண்டி வைகிப் போச்சு. வழக்கு பறய மாட்டியே அக்கா?"

இந்தக் கேள்விக்கு அதே பேச்சில் பதில் சொல்ல இனி நான் ஒருத்திதான் பாக்கி. அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

"மாட்டேண்டி. வா, ஆதியம் ஒரு சாயா குடிக்கலாம்."